காமர்ஸ் படித்த பிள்ளை டாக்டராகலாமா?

பத்தாம் வகுப்பு தேறிய பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று முடிவு செய்ய நம்மவர் வீடுகளில் எத்தனை நாள் ஆகிறது? பெரும்பாலும் ஒரு நாள்கூட ஆவதில்லை. காலேஜுக்கு எத்தனை பஸ் மாற வேண்டும், முதல் தவணைக்குக் கையில் என்ன இருக்கிறது, எதிர் வீட்டுப் பிள்ளை எதில் சேர்ந்தது என்ற மூன்று கேள்விகளில் காரியம் முடிந்துவிடுகிறது. சயின்ஸ் என்றால் டியூஷன் வைக்க வேண்டும், காமர்ஸ் என்றால் பிள்ளை தானே படித்துக்கொள்ளும், பி.காம். முடித்தால் எங்காவது கணக்கு எழுதியாவது பிழைத்துக்கொள்ளும். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் கோலார் தங்கவயலிலும் தாராவியிலும் இதுதான் கணக்கு. இதை அறியாமை என்று யாரும் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் போடும் நியாயமான கணக்குத்தான் இது.

ஆனால் இந்தக் கணக்கைப் போடும்போது பிள்ளைக்கு வயது பதினைந்து அல்லது பதினாறு. இரண்டு ஆண்டு கழித்து அதே பிள்ளை, ‘நான் டாக்டருக்குப் படிக்கிறேன்’ என்று சொன்னால் என்ன செய்வது? அதைச் சொல்ல ஒரு காரணமும் இருக்கும். தகப்பனாரை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து இரவெல்லாம் வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு அந்த ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவள் படித்தது காமர்ஸ். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய பதில் ஒன்றுதான்: கதவு சாத்தியாகிவிட்டது, அம்மா.

அந்தக் கதவு இப்போது திறந்திருக்கிறது. திறந்து சில ஆண்டுகளும் ஆகிவிட்டன. இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டிய வீடுகளுக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேராததால்தான் இதைத் தலையங்கமாக எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில் 1997-ஆம் ஆண்டு வகுத்த விதிகளின்படி, எம்.பி.பி.எஸ். சேர விரும்புகிறவர் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் பௌதிகம், ரசாயனம், உயிரியல் மூன்றையும் செய்முறைப் பயிற்சியோடு இரண்டு ஆண்டு தொடர்ச்சியாகப் படித்திருக்க வேண்டும். கணிதத்தோடு கம்ப்யூட்டர் எடுத்த மாணவன் பின்னால் உயிரியலைத் தனியாக எழுதித் தேறினாலும் செல்லாது என்றார்கள். 2018-ஆம் ஆண்டில் இன்னும் ஒரு பூட்டுப் போட்டார்கள்: திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்களும் தனித்தேர்வர்களும் ‘நீட்’ பரீட்சையே எழுதக் கூடாது என்றார்கள். அதே ஆண்டு மே மாதம் டில்லி ஹைகோர்ட் இந்தப் பூட்டை உடைத்தது. வேலைக்குப் போய்க்கொண்டோ, வசதியில்லாமலோ திறந்தநிலைப் பள்ளியில் படிக்கிறவனைப் படிக்காதவனுக்குச் சமமாக நடத்துவது நியாயமாகாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

பிறகு 2022 மார்ச்சில், மருத்துவக் கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம், ‘நீட்’ எழுதுவோருக்கு இருந்த மேல் வயது வரம்பை எடுத்துவிட்டதாக அறிவித்தது. 2023 நவம்பர் 22-ஆம் தேதி வந்ததுதான் முக்கியமான அறிவிப்பு. பன்னிரண்டாம் வகுப்பை எந்தப் பிரிவில் தேறியிருந்தாலும், அதற்குப் பிறகு பௌதிகம், ரசாயனம், உயிரியல் (அல்லது உயிரித் தொழில்நுட்பம்), ஆங்கிலம் ஆகியவற்றை அங்கீகாரம் பெற்ற போர்டில் கூடுதல் பாடங்களாக எழுதித் தேறியவர் ‘நீட்’ எழுதலாம் என்று ஆணையம் சொல்லிவிட்டது. பள்ளிப் பாடங்களைப் பிள்ளைகள் தங்கள் விருப்பப்படி கலந்து எடுக்கலாம் என்கிற 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அதற்குக் காரணமாகக் காட்டியது. அங்கீகாரம் பெற்ற திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்கு ‘நீட்’ எழுதத் தடையில்லை என்பது 2024 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டிலும் உறுதியாயிற்று.

ஆகவே இன்றைய நிலை இது. கணிதம், கம்ப்யூட்டர் பிரிவில் படித்தவர் உயிரியல் ஒன்றை மட்டும் எழுதித் தேறினால் போதும். காமர்ஸோ ஆர்ட்ஸோ படித்தவர் மூன்று அறிவியல் பாடங்களையும் எழுத வேண்டும். பி.காம். முடித்து ஓர் ஆபீசில் மூன்று ஆண்டு குமாஸ்தாவாக இருந்தவரும் எழுதலாம். வயது கேட்க மாட்டார்கள்.

எழுதும் இடம் பெரும்பாலோருக்கு தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், என்.ஐ.ஓ.எஸ். என்று சொல்வார்கள். 1989-இல் மத்திய அரசு தனி நிறுவனமாக ஏற்படுத்தியது இது. ஆண்டுக்கு இரண்டு பொதுப் பரீட்சைகள்: ஒன்று ஏப்ரல், மே வாக்கில், மற்றொன்று அக்டோபர், நவம்பரில். ஏற்கெனவே பன்னிரண்டாவது தேறியவர் தமக்கு வேண்டிய பாடங்களை மட்டும் எடுத்து எழுதி மதிப்பெண் பட்டியல் வாங்கலாம். பௌதிகம், ரசாயனம், உயிரியல் மூன்றுக்கும் செய்முறைத் தேர்வு உண்டு. அதற்குப் போகாமல் ஏட்டுத் தேர்வை மட்டும் எழுதி வந்துவிட முடியாது. படிப்பு மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, வீட்டுக்குப் பக்கமா என்று பார்ப்பதற்கு முன்னால் அங்கே லாபரட்டரி இருக்கிறதா, அதைத் திறந்து காட்டுவார்களா என்று கேளுங்கள்.

கதவு திறந்திருப்பது வேறு; உள்ளே இடம் கிடைப்பது வேறு. இதை மறைத்து நம் வாசகர்களுக்கு ஆசை காட்டுவது நமக்கு உடன்பாடில்லை. 2025-இல் ‘நீட்’ எழுதியவர்கள் 22 லட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். அதிலும் ஏழை வீட்டுப் பிள்ளை நினைத்துப் பார்க்கக்கூடிய அரசுக் கல்லூரி இடங்கள் ஏறக்குறைய பாதிதான். பரீட்சைக்கு மொத்தம் 180 கேள்விகள், 720 மதிப்பெண். உயிரியலுக்கு 90 கேள்வி, அதாவது சரிபாதி. மீதியைப் பௌதிகமும் ரசாயனமும் ஆளுக்கு 45 கேள்வியாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

காமர்ஸ் மாணவிக்கு உயிரியல் பெரிய பயமில்லை. அது படிக்கப் படிக்க வந்துவிடும். அவளைத் தடுக்கி விழவைப்பது பௌதிகம். பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டவளுக்கு முக்கோணவியலும் லாகரிதமும் மறந்திருக்கும். அவை இல்லாமல் பௌதிகத்தில் ஒரு கணக்கும் ஓடாது. எனவே முதல் ஆறு மாதம் பழைய ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணிதத்திலும் அறிவியலிலும் போகும். ஓர் ஆண்டில் எல்லாம் முடித்துத் தருகிறோம் என்று போர்டு மாட்டியிருக்கும் கோச்சிங் சென்டர்களின் வாசலில் நின்று அப்பா கேட்க வேண்டிய கேள்வி, ‘சயின்ஸே படிக்காத பிள்ளைக்குமா ஓர் ஆண்டு?’ என்பதுதான். நம் கணிப்பில் கணிதப் பிரிவுப் பிள்ளைக்கு ஓர் ஆண்டும், காமர்ஸ் பிள்ளைக்கு முழுதாக இரண்டு ஆண்டும் வேண்டும். இரண்டு ஆண்டு என்றால் வீட்டுக்கு வந்திருக்கக்கூடிய இரண்டு ஆண்டுச் சம்பளம் வராது என்று அர்த்தம். அந்தத் தியாகத்தைக் குடும்பம் தெரிந்தே செய்ய வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம்; செலவில்லாதது. என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்றாம் வகுப்பு உயிரியல், பௌதிகப் புத்தகங்கள் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்களும் அப்படியே கிடைக்கும். மூன்று மாதம் பிள்ளை தானாக உட்கார்ந்து படிக்கட்டும். அதற்குப் பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் பணம் கட்டுங்கள்.

இந்தச் சலுகையால் மருத்துவத்தின் தரம் கெட்டுவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. தவளையையும் மைக்ராஸ்கோப்பையும் பார்க்காதவன் நாளை மனிதனை எப்படிப் பார்ப்பான் என்று கேட்கிறார்கள். கேள்வி சரிதான், கேட்கிற இடம்தான் தவறு. வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பெயரை மட்டும் பதிந்துவிட்டு, இரண்டு ஆண்டும் கோச்சிங் ஊர்களிலேயே கிடந்து படிக்கிறார்களே, அவர்கள் எந்த லாபரட்டரியைப் பார்த்தார்கள்? ‘டம்மி ஸ்கூல்’ என்று பெயரே வைத்துவிட்ட இந்த ஏற்பாட்டைப் பிடிக்க சி.பி.எஸ்.இ. திடீர்ச் சோதனைகள் நடத்த வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டு ‘தொடர்ச்சியாக’ வகுப்பில் இருக்க வேண்டும் என்ற பழைய விதி அவர்களை ஒன்றும் செய்யவில்லை. அது உண்மையில் வெளியே நிறுத்தியது, பதினைந்து வயதில் யோசனை சொல்ல ஆளில்லாத பிள்ளைகளைத்தான்.

அமெரிக்காவில் இந்த விஷயத்தை வேறு விதமாக வைத்திருக்கிறார்கள். அங்கே பள்ளிக்கூடம் முடிந்த கையோடு பொதுவாக யாரும் மருத்துவக் கல்லூரிக்குப் போவதில்லை. முதலில் நான்கு ஆண்டு ஏதாவது ஒரு பட்டம். அது சரித்திரமாகவோ சங்கீதமாகவோகூட இருக்கலாம். அதோடு உயிரியல், பொது ரசாயனம், கரிம ரசாயனம், பௌதிகம் ஆகியவற்றைப் பாடத்துக்கு ஓராண்டு வீதம் லாபரட்டரியோடு முடித்திருக்க வேண்டும். ‘பிரி-மெட்’ என்று அவர்கள் சொல்வது தனிப்பட்டம் அல்ல, இந்தப் பாடங்களின் தொகுதிதான். பட்டம் வாங்கிய பிறகு மனம் மாறியவர்களுக்கு இந்தப் பாடங்களை மட்டும் சொல்லித்தரத் தனிப் படிப்புகள் உண்டு. ஒரு கல்லூரியிலிருந்து மறு கல்லூரிக்கு மாறுகிறவர் விட்ட பாடத்தை அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளலாம். செலவு என்னவோ பயங்கரம். கழுத்தளவு கடனோடுதான் வெளியே வருகிறார்கள். அதை நாம் காப்பியடிக்க வேண்டாம். பதினாறு வயதில் எடுத்த முடிவை இருபத்திரண்டு வயதில் திருத்திக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நம் நாட்டிலும் பி.யு.சி. காலத்தில் ‘பிரி-மெடிக்கல்’ என்று ஒரு பரீட்சை இருந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1997-ஆம் ஆண்டு விதிகளில்கூட அந்தப் பெயர் இருந்தது.

இனி நம்மவர்களை, அதாவது சொந்த மாநிலம் ஒன்று, பிழைக்க வந்த மாநிலம் ஒன்று என்று இருப்பவர்களை, மற்றவர்களைவிட அதிகமாக வதைக்கும் விஷயத்துக்கு வருவோம். ‘நீட்’ மதிப்பெண் வாங்கியாயிற்று. எந்த மாநிலத்துப் பிள்ளை என்று கேட்பார்கள். பதில் சொல்லச் சான்றிதழ் வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் நூற்றுக்குப் பதினைந்துதான் அகில இந்திய ஒதுக்கீட்டில் யாருக்கும் பொதுவாகப் போகின்றன. மீதி எண்பத்தைந்தும் அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கே. யார் அந்த மாநிலத்துப் பிள்ளை என்பதற்கு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறது. கர்நாடகத்தில் முக்கியமான விதி, ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பி.யு.சி. வரையில் குறைந்தது ஏழு ஆண்டு அங்கே படித்திருக்க வேண்டும் என்பது. மகாராஷ்டிரத்தில் பத்தாவதும் பன்னிரண்டாவதும் அங்கே தேறி, குடியிருப்புச் சான்றும் காட்ட வேண்டும். டில்லியில் பதினொன்றும் பன்னிரண்டும் டில்லிப் பள்ளியில் படித்ததா என்று பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே படித்திருந்தால் தொல்லையில்லை. வெளியே படித்த பிள்ளையானால், பெற்றோர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் என்பதற்குப் பிறப்பிடச் சான்றும் பிற ஆவணங்களும் வேண்டும். இரண்டு மாநிலங்களிலும் ‘நான் இந்த மண்ணின் பிள்ளை’ என்று மனுப் போட முடியாது.

இதில் நம் குடும்பங்கள் எங்கே மாட்டிக்கொள்கின்றன என்று பாருங்கள். பெங்களூரில் வாடகை ஏறிவிட்டது என்று ஏழாம் வகுப்பில் பிள்ளையைத் தர்மபுரியில் பாட்டி வீட்டுக்கு அனுப்புகிறோம். பிள்ளை அங்கே அரசுப் பள்ளியில் நன்றாகவே படிக்கிறது. ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்காகத் தமிழ்நாடு 2020-இல் கொண்டுவந்த ஏழரை சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு, பொதுவாக ஆறாம் வகுப்பு முதலே தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புச் செலவையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. ஒரே ஓர் ஆண்டு தாமதத்தில் அது கை நழுவிப் போகிறது. பத்தாவதை மும்பையில் முடித்துப் பதினொன்றுக்கு மதுரை போன பிள்ளைக்கு மகாராஷ்டிரக் கணக்கும் போகிறது. டி.சி. வாங்கும்போது இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. பள்ளிக் குமாஸ்தா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார். நாமும் பத்திரமாக மடித்து எடுத்து வந்துவிடுகிறோம்.

திறந்தநிலைப் பள்ளியில் கூடுதல் பாடம் எழுதுகிறவருக்கு இந்தக் கணக்கில் இன்னொரு முடிச்சும் விழலாம். பன்னிரண்டாவது கர்நாடகத்தில், அறிவியல் பாடங்கள் தமிழ்நாட்டில் உள்ள படிப்பு மையத்தில் என்றால், எந்த மாநிலம் எதை எடுத்துக்கொள்ளும்? படிப்பு மையத்தில் பெயர் பதிவதற்கு முன்பே, எந்த மாநிலத்து ஒதுக்கீட்டில் இடம் கேட்கப் போகிறீர்களோ அந்த மாநிலத்துச் சேர்க்கை அதிகாரிக்கு எழுதிக் கேளுங்கள். வாய்ச் சொல்லை நம்ப வேண்டாம். எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வினாத்தாளின் மொழியிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ‘நீட்’ தமிழ் உட்படப் பதின்மூன்று மொழிகளில் நடக்கிறது. ஆனால் வட்டார மொழி வினாத்தாள் அந்தந்த மொழிக்குரிய மாநிலத்து மையங்களில்தான் கிடைக்கும். பெங்களூர் மையத்தில் உட்கார்ந்து தமிழ் வினாத்தாள் கேட்டால் வராது. தமிழில் எழுத நினைக்கிற பிள்ளை மனுவிலேயே தமிழ்நாட்டு ஊர் ஒன்றை மையமாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ‘உயிரியல் வேண்டாம், நீட் வேண்டாம், வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். வாங்கித் தருகிறோம்’ என்று சொல்கிறவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியாவில் வைத்தியம் பார்க்க நினைக்கிறவரும் இங்கே ‘நீட்’ தேறித்தான் போக வேண்டும். 2018 முதல் அதுவே விதி. திரும்பி வந்த பின் இங்கே இன்னொரு பரீட்சையும் தேற வேண்டும். பணம் கட்டினால் பாஸ் மார்க் பட்டியல் தருகிறோம் என்கிற ‘போர்டு’களும் உலவுகின்றன. அந்தக் காகிதத்தோடு போகிற பிள்ளை சான்றிதழ் சரிபார்ப்பில் அகப்பட்டால் படிப்பு போவது மட்டுமல்ல, வழக்கும் வரும்.

எல்லோரும் டாக்டராக வேண்டும் என்பது நம் வாதமல்ல. ஆஸ்பத்திரி வேலையில்தான் மனம் என்றால் ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமாவுக்குக் காமர்ஸ், ஆர்ட்ஸ் பிள்ளைகளும் மனுப் போடலாம். பி.எஸ்ஸி. நர்சிங்குக்குத்தான் அறிவியல் பாடங்கள் தேவை. சித்த மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் அதே ‘நீட்’தான் வாசல் என்பதால், இரண்டு ஆண்டு உழைப்பு எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டாலும் முழுவதும் வீணாகிவிடாது. ‘நீட்’ வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு தனியாக நடக்கட்டும். அது இருக்கிற வரையில் நம் பிள்ளைகள் அதன் விதிகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆணையம் அறிவிப்பு வெளியிட்டதோடு தன் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டது. கூடுதல் பாடம் எழுதுகிறவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்பதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எல்லா ஊர்களிலும் அரசுப் பள்ளிகளிலும் பி.யு. காலேஜுகளிலும் லாபரட்டரிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டித்தான் கிடக்கின்றன. சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு அவற்றைத் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்குத் திறந்துவிட மாநில அரசுகள் உத்தரவு போட வேண்டும். சர்க்காருக்கு இதனால் ஆகும் செலவு ஒரு காவலாளியின், ஓர் உதவியாளரின் ஞாயிறு படி மட்டும்தான்.

அதுவரை நம் சங்கங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தலைநகரில் ஏழு பள்ளிகள் நடத்துகிறது. பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்துக்கு அல்சூரில் கட்டடம் இருக்கிறது. மும்பைத் தமிழ்ச் சங்கத்துக்குச் சயனில் இருக்கிறது. ஓய்வு பெற்ற சயின்ஸ் வாத்தியார்கள் நம்மில் எத்தனையோ பேர். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஆகும் உழைப்பில் கால் பங்கு போதும்: பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருவதற்கு முந்திய மாதம் ஒரு ஞாயிறு மாலையில் பெற்றோர்களைக் கூட்டலாம். எந்தப் பிரிவு எடுத்தால் எந்த வழி உண்டு, பிறகு மாறுவதென்றால் என்ன செய்ய வேண்டும், எந்த மாநிலத்துக்கு எத்தனை ஆண்டுப் படிப்புக் கணக்கு என்பதை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுக்கலாம். வர முடியாதவர்களுக்கு அந்தத் தாளைக் கோயில் வாசலிலும் ரேஷன் கடையிலும் ஒட்டலாம். அடுத்த ரிசல்ட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது.